வலி: இல்லை

மார்ச் 6

அக்கா,

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். நேற்று என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "அவளுக்கு எப்பவுமே எல்லாமே பெருசுதான், ரெண்டு நாள்ல தானா சரியாயிடுவா" என்று சொன்னாயாம். ஆறு நாள் ஆகிவிட்டது. சரியாகவில்லை.

போனில் நீ நர்ஸ் குரலில் பேசுவாய். அந்தக் குரலில் "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொன்னால் எதிரே இருப்பவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும். காகிதத்தில் அந்தக் குரல் வராது. அதனால் எழுது.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலை சுற்றக்கூடாது. பன்னிரண்டாவது மாடி உயரத்தில், கூண்டின் கூரை மேல் நின்று வேலை செய்கிறவள் நான். இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்தபோது வேறு யாரையும் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டேன். குடும்ப நல அறையில் பதினாறு வருடமாக இருக்கிறவள் என் கூடப் பிறந்தவள் என்றால் வேறு எங்கே போவேன்?

நீ என்ன சொன்னாய்? "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்டி. நானே காப்பர்-டி போட்டிருக்கேன். ஒண்ணுமே தெரியல."

நான் வலி தாங்காதவள் இல்லை. நாலு வருடம் முன்பு லிஃப்ட் கதவில் மாட்டி நகம் பிய்ந்தபோது, துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கதவைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டுப் போட்டது நீ. "நீ மனுஷியா, இரும்பா?" என்று கேட்டதும் நீ.

டாக்டரம்மா இடுக்கியால் கர்ப்பப்பை வாயைக் கவ்வியபோது கண்ணில் பொறி பறந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் அளவு பார்க்கிற கம்பியை உள்ளே விட்டார். "நிறுத்துங்க" என்றேன். யாரும் நிறுத்தவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகவே, "நிறுத்துங்க" என்றேன். அப்போது நீ என் இரண்டு தோளையும் மேசையோடு சேர்த்து அமுக்கினாய். "கத்தாதே, வெளியே ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்றாய். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மயக்கம் தெளிந்தபோது தட்டு எடுத்துக் கொடுக்கும் அந்த உதவியாளர் பெண்தான் என் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நீ அடுத்தவளைக் கூப்பிடப் போயிருந்தாய்.

என் இடது பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதில் மரத்துப்போகிற ஊசி மருந்து வரிசையாக இருந்தது. படுத்தபடியே லேபிளைப் படித்தேன். மூன்று எட்டு தூரம்கூட இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்.

உன் தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை.


மார்ச் 11

வாலு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில், மருந்து ஸ்டோருக்குள் நின்றுகொண்டு படித்தேன். வேறு எங்கே படித்தாலும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பத்து நிமிடம் கிடைக்கிற இடைவேளை அதிலேயே போயிற்று.

வலித்தது என்று நீ சொன்னால் வலித்திருக்கும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று நிமிட வேலை அது. இரண்டு பிள்ளை பெற்றவள், மூன்று நிமிடத்துக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் பல் பிடுங்கக் கூட்டிப்போனால் டாக்டரின் விரலைக் கடித்து வைத்தவள்தானே நீ. உனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது, அது எனக்குத் தெரியாதா?

ஊசி ஏன் போடவில்லை என்கிறாய். போட்டால் மருந்து பிடிக்க நேரம் ஆகும். அந்த ஊசியே ஒரு குத்து வலிக்கும், எதற்கு இரண்டு வலி என்பார் டாக்டரம்மா. ஒரு காலைக்குப் பதினாலு பேர் பட்டியல். ஆளுக்குக் கால் மணி நேரம் கூடினால் கடைசியில் நிற்கிறவளை நாளைக்கு வா என்று அனுப்ப வேண்டும். அவள் நாளைக்கு வர மாட்டாள், கர்ப்பமாகித்தான் வருவாள். இதையெல்லாம் யார் யோசிப்பது?

போன மாதம் மட்டும் முந்நூற்றுப் பதினொரு பேர் எங்கள் அறையில் போட்டுக்கொண்டார்கள். பதிவேட்டில் வலி என்று ஒரு பத்தியே இருக்கிறது. ஒருத்திக்கும் வலி இல்லை. ஒரு புகாரும் இல்லை. என் சொந்தத் தங்கச்சி முதல் புகாராக வந்து நிற்கிறாள். அதுவும் உன்னை வரிசையில் முன்னால் விட்டதற்காக அன்றைக்கு நான் நாலு பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

நீ நிறுத்தச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். என் காதில் விழவில்லை. அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் உனக்கே தெரியும்.

கோபத்தை விட்டுவிடு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா.

அக்கா


மார்ச் 15

அக்கா,

பல் டாக்டரை நீயே இழுத்துவிட்டது நல்லதாகப் போயிற்று. அவர் முதலில் ஊசி போட்டு, ஈறு மரத்ததா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குறடை எடுத்தார். நான் கடித்தது ஊசி போட வந்த விரலை. எட்டு வயதுப் பிள்ளையின் ஒரு பால் பல்லுக்கு அந்த மரியாதை கிடைத்தது.

உன் பதிவேட்டைப் பற்றி எழுதியதும், உன் அறையில் கொடுத்த என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு மடித்துப் பையில் போட்டதோடு சரி, படிக்கவே இல்லை. "வலி: இல்லை. நன்கு ஒத்துழைத்தார். நேரம்: காலை 9.40." கீழே உன் கையெழுத்து.

காலை 9.40க்கு நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் அதே பையில் இருக்கிறது. உன் மேசையில் நான் ஏறும்போது மணி பதினொன்றேகால்.

முதலில் தேதி மாறிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. காலையில் வந்ததும் அன்றைய பட்டியல் மொத்தத்துக்கும் உட்கார்ந்து எழுதிவிடுகிறாய், இல்லையா? பதினாலு பேருக்கும் வலி இல்லை. யாருமே இன்னும் உள்ளே வரவில்லை, அதற்குள் பதினாலு பேரும் நன்கு ஒத்துழைத்துவிட்டார்கள். முந்நூற்றுப் பதினொரு பேர் என்று என்னிடம் பெருமை அடிக்கிறாய். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

எங்கள் வேலையில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஓர் அட்டை உண்டு. கயிறு, பிரேக், கதவு எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஒரு மாத அட்டையை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே முடித்தார். மூன்றாவது வாரம் ஒரு லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் இறங்கியது. உள்ளே இருந்த தபால்காரருக்கு இரண்டு கணுக்காலும் நொறுங்கிவிட்டது. அட்டையில் "பிரேக்: சரி" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அவரை நாங்கள் என்னவென்று கூப்பிடுவோம் என்று உனக்கு எழுத மாட்டேன். நீ எனக்கு அக்கா.

இந்த மாதக் கடைசிக்குள் என் கோப்பைத் திருத்து. நடந்ததை எழுது. இல்லையென்றால் அந்தச் சீட்டையும் டிக்கெட்டையும் சேர்த்து உங்கள் கண்காணிப்பாளருக்கு அனுப்புவேன்.

இன்னொன்று. நீயே போட்டிருக்கிறேன் என்றாயே, எப்போது போட்டார்கள்? எந்த மேசையில்? யார் உன் தோளைப் பிடித்தார்கள்?


மார்ச் 20

மிரட்டுகிறாயா? மிரட்டு.

தலைமை நர்ஸ் பட்டியலில் இந்த வருடம் என் பெயர் இருக்கிறது. பதினாறு வருடம் காத்திருந்து வந்த பெயர். உன் ஒரு தபால் போதும், அடித்துவிடுவார்கள். உன் மாமா வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்பது தெரிந்துதான் எழுதுகிறாயா?

காலையில் எழுதி வைப்பது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் முதல் நாளே, "மத்தியானம் எழுத ஏது நேரம், இப்பவே போட்டு வெச்சிரு" என்று சொல்லிக் கொடுத்தார். எல்லா அறையிலும் அப்படித்தான்.

உனக்குக் காப்பர்-டி ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வா. டாக்டரம்மாவிடம் நான் பேசுகிறேன். பட்டியல் முடிந்தபிறகு, வெளியே தெரியாமல், உனக்கு மட்டும் ஊசி போட்டு எடுத்துவிடச் சொல்கிறேன்.


மார்ச் 23

எனக்கு மட்டுமா?

நாளைக்குக் காலையில் மேசையில் ஏறப்போகிறவளுக்கு அக்கா யாரும் அங்கே வேலை பார்க்கவில்லையென்றால் அவள் என்ன செய்வாள்? உன் சலுகையை நீயே வைத்துக்கொள். இது உள்ளேயே இருக்கட்டும். போடுவதற்குப் பட்ட பாட்டுக்குப் பத்து வருடம் உழைக்கட்டும்.

மூன்று கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.


மார்ச் 31

வாலு,

உன் மூன்று கேள்விக்கும் ஒரு வரியில் பதில் எழுதி உன் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எப்போது என்று எழுதினேன். சின்னவன் பிறந்த அன்று. எந்த மேசையில் என்று எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது.

ஆபரேஷன் மேசையில். வயிற்றைத் திறந்து அவனை எடுத்த கையோடு, தையல் போடுவதற்கு முன்னால் அதையும் வைத்துவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே எனக்குக் கால் இருக்கிறதா என்பதே தெரியாத நேரம் அது. யாரும் என் தோளைப் பிடிக்கவில்லை. பிடிக்க அவசியம் இல்லை. நான் அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. என் கோப்பிலேயே இருக்கிறது. ஒன்பது வருடமாக ஒவ்வொருத்தியிடமும் "நானே போட்டிருக்கேன், ஒண்ணுமே தெரியல" என்று சொல்லித்தான் மேசையில் ஏற்றினேன். சொல்லும்போதெல்லாம் உண்மையைச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஏன் தெரியவில்லை என்பதை ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை. பயந்துகொண்டு வருகிறவர்கள் அந்த ஒரு வார்த்தையில்தான் படுத்தார்கள். நீயும் அதில்தான் படுத்தாய். நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து வலிப் பத்தியைக் காலையில் எழுதவில்லை. ஒவ்வொருத்தியும் மேசையை விட்டு இறங்கியதும், "பத்துக்கு எவ்வளவு வலிச்சுது?" என்று கேட்டேன். முதல் பெண் என் முகத்தையே பார்த்தாள். கேள்வி புரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். "புரியுது சிஸ்டர், உண்மையைச் சொல்லலாமான்னு பார்க்கறேன்" என்றாள். எட்டு என்றாள். அடுத்தவள் இரண்டு. அதற்கடுத்தவள் ஏழு. ஒரு ரொட்டிக்கடைக்காரப் பெண் ஒன்பது என்று சொல்லிவிட்டு, "போன தடவையும் ஒன்பதுதான், நீங்க கேக்கல" என்றாள். போன தடவை அவள் சீட்டில் இருந்ததும் என் கையெழுத்துதான். ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். நாற்பத்து மூன்று பேரில் நாலு பேர்.

எண்களை டாக்டரம்மா மேசையில் வைத்தேன். "இத்தனை வருஷமா இல்லாத வலி இப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். "இருந்துச்சு டாக்டர், நான்தான் எழுதல" என்றேன். நன்றாகத் திட்டினார். வேலையைக் கெடுக்கிறேன் என்றார். ஆனால் அன்று மாலை அவரே அந்தத் தாளை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். இப்போது ஊசி வேண்டுமா என்று முதலில் கேட்கிறோம். காலைப் பட்டியல் ஒன்பது பேராகக் குறைந்துவிட்டது. மீதிப் பேருக்கு மத்தியானம் இன்னொரு பட்டியல். உதவியாளர் பெண் என்னோடு பேசுவதில்லை, அவளுக்குத்தான் வீட்டுக்குப் போக நேரமாகிறது. ஊசி போட்டால் வலியே இருக்காது என்றும் யாரிடமும் சொல்வதில்லை. நேற்று ஊசி போட்டும் ஒருத்தி ஆறு என்றாள். ஆறு என்று எழுதினேன்.

உன் கோப்பைத் திருத்திவிட்டேன். பழைய வரியைப் படிக்கும்படி விட்டு, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதி, தேதி போட்டிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. கெடுவுக்குள் செய்துவிட்டேன்.

பார்த்துவிட்டுச் சொல்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

பார்த்தேன். ஆபரேஷன் மேசையைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்து அழுதேன். அதனால் கோபம் போய்விட்டது என்று கணக்குப் போடாதே. அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றவள் நான். அது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். உன் பேச்சை அவ்வளவு நம்பியிருக்கிறேன்.

ரொட்டிக்கடைப் பெண்ணின் ஒன்பதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கும் அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோணல" என்றார். கேட்காதவர்கள் பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது.

நகலுக்கு வருகிறேன். "நோயாளி கடுமையான வலியால் மயங்கினார். மரத்துப்போகும் மருந்து தரப்படவில்லை. டாக்டர் செயல்முறையை முடித்தார். உதவியாளர் முதலுதவி செய்தார்."

நான் வேலையில் ஒரு விபத்து அறிக்கையைப் படித்தால் முதலில் எண்ணுவது ஆட்களைத்தான். அந்த அறையில் நாலு பேர் இருந்தோம். உன் காகிதத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். என் தோளை மேசையோடு சேர்த்து அமுக்கிய கை யாருடையது? அது எங்கே போயிற்று?

நான் நிறுத்தச் சொன்னதும் அதில் இல்லை. மின்விசிறிச் சத்தம் என்று எழுதினாய். உன் முகம் என் முகத்துக்கு நேராக ஒரு சாண் உயரத்தில் இருந்தது. உன் மூச்சு என் நெற்றியில் பட்டது. வலியைக்கூட நான் மறந்துவிடுவேன், பிரசவத்தையே மறக்கவில்லையா? டாக்டரம்மாவை எனக்குத் தெரியாது, அவர் நிறுத்தவில்லையென்றால் அது வேறு. நீ கேட்டாயா, கேட்கவில்லையா என்பதுதான் ராத்திரி பகலாக என்னைத் தின்கிறது. பிள்ளைகளை உன் வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்பது வரைக்கும் அதில்தான் இருக்கிறது.

கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போடு. நம்பிவிடுகிறேன். சத்தியமாக. அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.


ஏப்ரல் 9

வாலு,

கேட்கவில்லை என்று எழுதியிருக்கலாம். நீயே வழி விட்டிருந்தாய். தலைமை நர்ஸ் பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. சனிக்கிழமை எழுதலாமே என்றுகூட நினைத்தேன். இரண்டு நாள் நினைத்தேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். உதவியாளர் பெண் என்னைப் பார்த்தாள். சிஸ்டரின் தங்கச்சியே இப்படிக் கத்துகிறாளே என்கிற பார்வை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் வலியைவிட என் மானம் அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிதாகப் போயிற்று. வேறு ஒருத்தியாக இருந்தால் இவ்வளவு அழுத்தி இருக்க மாட்டேன். நீ என் தங்கச்சி என்பதால்தான் அவ்வளவு அமுக்கினேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

நேற்று கண்காணிப்பாளர் அறையில், அவர் எதிரிலேயே உன் கோப்பில் எழுதினேன். படித்துவிட்டு, "யாரும் கேட்காதப்போ ஏம்மா நீங்களா எழுதிக் குடுக்கறீங்க? இது உங்க பேருக்குத்தான் வரும்" என்றார். வரட்டும் என்றேன். திங்கட்கிழமை முதல் என்னைக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றியிருக்கிறார். விசாரணை உண்டாம். வலிப் பத்தியைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று குடும்ப நல அறைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்ணிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைகளை அனுப்புவது உன் இஷ்டம். நான் கேட்க மாட்டேன். நகல் எடுக்க விடவில்லை, அதனால் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்:

"நோயாளி 'நிறுத்துங்கள்' என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொன்னபோது அவருடைய தோள்களைப் பிடித்து மேசையோடு அமுக்கியது நான். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. முதல் முறை சொன்னதும் கேட்டது."